ஒரு தரப்பு, பல வழக்கறிஞர்: வக்காலத்தின் வரலாறும் நாம் கொள்ள வேண்டிய பாடமும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தனர். கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதுவோர் இம்மலரில் பலர் உளர். ஆகவே, நம் பெற்றோர் படிக்காமலே கைநாட்டு வைத்த ஒரு தாளைப் பற்றி எழுத விழைந்தேன். அதற்கு வக்காலத்து என்று பெயர். நம்மில் பலர் அத்தாளைக் கண்டிருப்போம், கையொப்பமும் இட்டிருப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வோர் அரியர்.

இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் இடுகாட்டுக்குச் செல்லும் பாதை நஞ்சை நிலங்களின் ஊடே சென்றது. பிசான சாகுபடியின்போது அப்பாதையையும் சேர்த்து உழுது நாற்று நட்டுவிட்டனர். முறையிட்டுப் பயன் இல்லாமற்போகவே, தெருவில் வீட்டுக்கு வீடு வரி பிரித்து, 1983-ஆம் ஆண்டில் முன்சீப் கோர்ட்டில் தாவா தொடுத்தோம். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். வாய்தாமேல் வாய்தாவாக வழக்கு நீண்டது. முதலில் வைத்த வழக்கறிஞர் போதாது என்று கருதிய சிலர், பெயர் பெற்ற மற்றொருவரை அமர்த்தினர். பழையவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. செய்தி அறிந்த அவர், “இனி அவரே பார்த்துக்கொள்வார்” என்று ஒதுங்கினார். புதியவர் தாக்கல் செய்த வக்காலத்தோ, பழையவரின் சம்மதம் அதில் இல்லை என்று திருப்பப்பட்டு, அவருடைய குமாஸ்தாவின் கட்டில் கிடந்தது. விசாரணை நாளில் இருவரும் வரவில்லை. எங்கள் பெரியவர்களோ, “நமக்கு இரண்டு வக்கீல் இருக்கிறார்கள்” என்ற நம்பிக்கையில் நடவு வேலைக்குச் சென்றிருந்தார்கள். வாதி ஆஜராகாததால் தாவா தள்ளுபடி ஆயிற்று.

தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். எங்களுக்குச் செய்தி தெரிந்தபோது மூன்று மாதங்கள் கடந்திருந்தன. காலதாமதத்தை மன்னிக்குமாறு ஒரு மனு, அதற்கு எதிர்மனு, அதன்பின் விசாரணை என்று பாதை கிடைப்பதற்கு மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன. அந்த ஆறு ஆண்டுகளில் எங்கள் தெருவில் இறந்தோர் அனைவரும் முழங்கால் சேற்றில்தான் சுமந்து செல்லப்பட்டனர். அவர்களுள் என் பாட்டியும் ஒருவர்.

இரண்டு வழக்கறிஞர்களை வைத்திருந்தும் ஒருவரும் இல்லாத நிலை எவ்வாறு வந்தது? பிற்காலத்தில் ஆசிரியப் பணியேற்ற பின்னரும் இவ்வினா என்னை விடவில்லை. ஒரு தரப்புக்குப் பல வழக்கறிஞர்கள் வருவதற்குச் சட்டம் வகுத்த ஒழுங்கு என்ன, அது எவ்வாறு உருவாயிற்று என்று தேடிப் படித்தேன். அதன் சாரமே இக்கட்டுரை.

வக்கீல் என்னும் சொல்

பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தாள். அவளுக்காக வேறு எவரும் பேசவில்லை. வாதியும் வழக்குரைஞரும் அங்கே ஒருவரே. ஆனால் எல்லோருக்கும் அவையில் பேசும் உரிமை இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்ட நின்ற கதையை என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு அங்கே வாய் இல்லை; தீர்ப்பைத் தாங்குவதற்கு முதுகு மட்டுமே இருந்தது.

வக்கீல், வக்காலத்து ஆகியவை அரபு மொழியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியாக நவாபு ஆட்சிக் காலத்தில் நம்மிடம் வந்த சொற்கள். ஒருவர் தம் காரியத்தைப் பார்க்க இன்னொருவரை நம்பி நியமித்தலே அவற்றின் பொருள். “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?” என்று நம் தெருவில் இன்றும் கேட்கிறோம். அச்சொல்லிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. வக்காலத்தை வாங்குபவர் வழக்கறிஞர், கொடுப்பவர் கட்சிக்காரர். கொடுப்பவருக்கே அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு.

திருநெல்வேலிச் சீமை 1801-இல் கும்பினியாரின் நேர் ஆட்சிக்குள் வந்தது. 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டங்கள் சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தின. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கிற்று. 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் வக்கீல், பிளீடர், முக்தியார் என்று பல படிகளை வகுத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பாரிஸ்டர்கள் இவர்களுக்கு மேலே நின்றனர்.

அந்நாட்டு முறை ஒன்றை இங்கே விளக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் கட்சிக்காரரிடம் பேசி, ஆவணங்களைத் திரட்டி, மனுக்களைத் தாக்கல் செய்பவர் சொலிசிட்டர். மன்றத்தில் எழுந்து வாதிடுபவர் பாரிஸ்டர். ஒருவர் செயலாற்றுவார், மற்றவர் வாதாடுவார். ஒரே தரப்புக்குப் பலர் வரினும் குழப்பம் நேராமைக்கு இப்பிரிவினையே காரணம். வாதாடுவோர் எத்தனை பேராயினும், மன்றத்துக்குப் பொறுப்பாளி செயலாற்றுபவரே. நம் நாட்டில் இரு தொழிலும் பின்னர் ஒன்றாயின. ஆயினும் செயலாற்றுதல் வேறு, வாதாடுதல் வேறு என்னும் கருத்து சட்டத்தில் நிலைத்துவிட்டது.

1908 என்னும் ஆண்டு

1908-ஆம் ஆண்டு நெல்லை வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு மார்ச் 12-இல் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார். மறுநாள் நகரில் எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து நால்வர் மாண்டனர். கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே முன்னிலையில் வழக்கு நடந்தது. இருதரப்பிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கறிஞர்கள் வாதிட்டனர். ஜூலை 7-இல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேன்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

வ.உ.சி. தாமே ஒட்டப்பிடாரத்தில் புகழ்பெற்ற பிளீடராக விளங்கியவர். ஏழைகளுக்காக வாதாடியவர். கண்பார்வையற்ற தாழ்த்தப்பட்ட துறவியாகிய இராமையா தேசிகரை ஊராரின் ஏச்சையும் பொருட்படுத்தாமல் தம் வீட்டில் வைத்து உணவளித்தவர். அத்தகைய சட்ட அறிஞரும் தம் வழக்கில் பிற வழக்கறிஞர்களின் துணையை நாடினார். தண்டனையால் தம் சன்னதை இழந்த அவர், பின்னாளில் நீதிபதி வாலஸ் உதவியால் அதை மீண்டும் பெற்று, நன்றிக்கடனாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஒரு வழக்கறிஞருக்குச் சன்னது எத்துணை அரியது என்பதற்கு இஃதொரு சான்று.

அதே 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கமுதிக் கோயில் வழக்கில் தீர்ப்பளித்தது. 1897-இல் நாடார் சமுதாயத்தினர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நுழைந்ததை எதிர்த்து இராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு அது. 1899-இல் கீழ்மன்றத்தில் தோற்ற நாடார்கள், உயர் நீதிமன்றத்துக்கும் அதன்பின் கடல் கடந்து இலண்டனுக்கும் சென்றனர். மூன்று மன்றங்களிலும் தோல்வியே கிட்டிற்று. கூட்டு நிதி இருந்தது. தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தனர். ஆயினும் அன்று மன்றங்கள் ஏற்ற வழக்கமே சாதி வழக்கமாக இருந்தமையால் நீதி கிட்டவில்லை. 1939-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. வழக்கறிஞர்களின் எண்ணிக்கை மட்டுமே வெற்றி தராது என்பதை நாம் இதிலிருந்து அறிய வேண்டும்.

நம் பொருளுக்கு மிக நெருங்கியதும் அவ்வாண்டில்தான் பிறந்தது. 1908-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமாகிய உரிமையியல் நடைமுறைச் சட்டமே அது. இன்றளவும் நம் சிவில் நீதிமன்றங்கள் அதன்படியே இயங்குகின்றன.

சட்டம் சொல்வது

அச்சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதியை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கட்சிக்காரர் கையொப்பமிட்ட எழுத்து மூலமான நியமனம் இன்றி எந்த வழக்கறிஞரும் அவருக்காகச் செயலாற்ற இயலாது. அந்த நியமனத்தாளே வக்காலத்து. அது மன்றத்தில் தாக்கலானபின், மன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலம் முடிவுறுத்தப்படும் வரையிலோ, கட்சிக்காரராவது வழக்கறிஞராவது இறக்கும் வரையிலோ, அல்லது வழக்கு நடவடிக்கைகள் முடியும் வரையிலோ செல்லும். நாம் வேறொருவரிடம் சென்றுவிட்டதாலேயே பழைய வக்காலத்து மறைந்துவிடாது.

வாதாடுவதற்கு மட்டும் வருபவருக்கு வக்காலத்து வேண்டுவதில்லை. அவர் இன்ன வழக்கில் இன்னாருக்காக வருகிறேன் என்று ஆஜர் குறிப்புத் தந்தால் போதும். வக்காலத்துப் பெற்ற வழக்கறிஞரே அவரை வாதிட அழைத்து வந்திருப்பின் அக்குறிப்பும் தேவையில்லை. மூத்த வழக்கறிஞர்கள் வந்து வாதிடுவது இவ்வாறுதான். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பழைய படிகளை நீக்கி, மூத்த வழக்கறிஞர், ஏனைய வழக்கறிஞர் என்னும் இரு பிரிவுகளை மட்டும் வைத்தது. மூத்த வழக்கறிஞர் வக்காலத்துத் தாக்கல் செய்தல் ஆகாது. கட்சிக்காரரிடம் நேரே வழக்கைப் பெறுதலும் ஆகாது. மற்றொரு வழக்கறிஞர் உடன் நிற்க வேண்டும்.

ஒரே வக்காலத்தில் இருவர் மூவர் பெயரைச் சேர்த்து எழுதுதலும் உண்டு. அப்போது அவர்களுள் எவரும் நமக்காக நிற்கலாம். இது நல்ல முறையே. ஆனால் வாய்தாவுக்கு வருபவர் யார் என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஒருவர் வக்காலத்துத் தாக்கல் செய்த வழக்கில் மற்றொருவர் புகுவதானால், முன்னவரின் சம்மதம் பெற வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதி. சம்மதம் கிட்டாவிடில் வழி அடைபட்டுவிடாது. காரணத்தை எடுத்துக்காட்டி மன்றத்துக்கு மனுச் செய்து, அனுமதி பெற்ற பின் புதியவர் ஆஜராகலாம். எங்கள் ஊர் வழக்கில் விடுபட்ட படி இதுவே. கட்டணப் பாக்கிக்காகப் பழைய வழக்கறிஞர் வழக்குக் கட்டைத் தர மறுத்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி உண்டு. நம் ஆவணங்களை அடைமானமாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

அடுத்த விதி இன்னும் கடுமையானது. நம் வழக்கறிஞரிடம் சேர்ப்பிக்கப்பட்ட அறிவிப்பு நமக்கே சேர்ப்பிக்கப்பட்டதாகச் சட்டம் கருதும். “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்ப இயலாது. வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறையேனும் ஒருவர் சென்று வர வேண்டியதன் காரணம் இதுதான்.

பிறர் பெயரில் வக்காலத்து புகும் கேடும் நடந்திருக்கிறது. தமக்குத் தெரியாமலே தம் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கலாகியிருப்பதாக ஒருவர் முறையிட்டதன் பேரில், 2024-இல் அம்மன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து, மன்றத்தில் நேரில் நின்று வாதிடுபவர், அவருக்குத் துணை செய்யும் ஒருவர் என்னும் அளவிலேயே ஆஜர் பதிவுகள் இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் நெறி வகுத்தது. தீர்ப்பின் தலைப்பில் வழக்கறிஞர் பெயர்கள் வரிசையாக நீள்வதால் கட்சிக்காரருக்கு ஆவது ஒன்றுமில்லை.

ஊர் வழக்கும் ஒரு முகமும்

ஊர்ப்பொது வழக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. வழக்கறிஞர் மட்டுமன்றிக் கட்சிக்காரரும் பலராக இருப்பர். ஆளுக்கொரு வழக்கறிஞரை நாடினால் வழக்கு சிதறும். இதற்குச் சட்டம் வகுத்த வழி, ஒரே நலன் உடைய பலருக்காக மன்ற அனுமதியுடன் சிலர் மட்டும் நின்று வழக்காடுதல். 1-ஆம் கட்டளை 8-ஆம் விதி அது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மகாடு குளத்து வழக்கு. சவுதார் குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்காக 1927-இல் அண்ணல் அம்பேத்கர் நடத்திய போராட்டத்தை எதிர்த்து, சாதி இந்துக்கள் அவர்மீதும் வேறு சிலர்மீதும் வழக்குத் தொடுத்தனர். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அனைவரின் சார்பிலும் அச்சிலரே எதிர்வாதிகளாக நின்றனர். பத்து ஆண்டுகள் நடந்த அவ்வழக்கில் கீழ்மன்றம், மேன்முறையீட்டு மன்றம், பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகிய மூன்றிலும் நம் பக்கமே தீர்ப்பாயிற்று. இறுதித் தீர்ப்பு 1937 மார்ச் 17-இல் வந்தது. கமுதி வழக்கும் மூன்று படி ஏறியது. மகாடு வழக்கும் மூன்று படி ஏறியது. மகாடில் குளம் நகராட்சிக்கு உரிய பொதுக்குளம் என்பதையும், எதிர்த்தரப்பு சொன்ன வழக்கத்துக்குச் சான்று இல்லை என்பதையும் நம்மவர் பிடியாகப் பிடித்தனர். மூலச் சான்றே வென்றது.

குற்ற வழக்கில் நம் குரல்

கொலை, வன்கொடுமை போன்ற குற்ற வழக்குகளில் நிலை வேறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தாம் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. அவர் பலரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதிக்கப்பட்டவர் அவ்வழக்கில் கட்சிக்காரர் அல்லர், அரசே கட்சிக்காரர். அரசு வழக்கறிஞரே வழக்கை நடத்துவார். பாதிக்கப்பட்டவர் தனி வழக்கறிஞரை அமர்த்தினாலும், அவர் அரசு வழக்கறிஞரின் கீழ் நின்று துணை செய்யலாம். சாட்சியம் முடிந்தபின் மன்ற அனுமதியுடன் எழுத்து வாதம் தரலாம். தாமே எழுந்து குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாக்கியது.

இங்கேதான் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு ஒரு வாயிலைத் திறந்துள்ளது. அச்சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 4(5)-ஆம் விதியின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தகுதிமிக்க மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். கட்டணம் அரசைச் சேரும். 2015-இல் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் தாயார், வழக்கை நாமக்கல்லிலிருந்து மாற்றவும் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக்கவும் போராடினார். மதுரைக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கைச் சிறப்பு அரசு வழக்கறிஞர் ப. பா. மோகன் நடத்தினார். 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023-இல் உயர் நீதிமன்றம் அதனைப் பெரும்பாலும் உறுதி செய்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்த வழக்கில் இது நிகழ்ந்தது. ஒரு தாய் “எனக்காகப் பேசுபவர் இவராக இருக்கட்டும்” என்று கேட்டதன் வலிமை அதில் உண்டு.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வீட்டாரோ தெருவாரோ வழக்காட நேரும்போது செய்ய வேண்டியவை சில. வக்காலத்தை முழுதும் படித்தபின் கையொப்பமிடுக. எழுத்தறியாத பெரியவருக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டுக. ஒரு பிரதியை வீட்டில் வைத்திடுக. வழக்கின் எண்ணையும் அடுத்த வாய்தாவையும் நாட்குறிப்பில் எழுதுக. இரண்டாவது வழக்கறிஞர் வேண்டுமெனில், முதல்வரிடம் மரியாதையுடன் சொல்லிச் சம்மதம் பெறுக. ஊர் வழக்கில் வழக்கறிஞரிடம் பேசுவதற்கு இருவரை மட்டும் ஊர்க்கூட்டத்தில் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் எழுதுக. சமரசம் பேசினால் அது எழுத்தில் வரட்டும். ஊர் அறியாமல் ஒருவரும் ஒப்புக்கொள்ளலாகாது.

பணம் இல்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. அங்கே செல்வதற்கு ஒரு விண்ணப்பமும் சிறிது துணிவும் போதும்.

ஒரு காலத்தில் மேன்முறையீடு என்றால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை அமைந்துள்ளது. சட்டம் படிக்கவும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நம் சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் உருவாக்கியது. வரும் ஆண்டுகளில் தெருவுக்கொரு வழக்கறிஞரையும் அது உருவாக்க வேண்டும்.

எங்கள் ஊர் இடுகாட்டுப் பாதையில் இன்று சிமெண்டுச் சாலை போடப்பட்டுள்ளது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் மையிட்ட பெருவிரலைத் தாளில் அழுத்திய என் தந்தையாரை நினைத்துக்கொள்கிறேன். அந்தத் தாளை அவருக்கு நான் படித்துக்காட்டியிருக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் படித்த எனக்கு அது தோன்றவில்லை. இம்மலரைப் படிக்கும் பிள்ளைகளுக்காவது அது தோன்றட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!